டாக்டரம்மா சொல்லாமல் போன பன்னிரண்டு பெயர்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் மரியாதைக்குரிய பாஸ்டர் நோஸ்கே அவர்களே! இருபத்தேழு ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் டாக்டரம்மாவின் வலக்கையாக இருந்த நெரிடா அவர்களே! முன்வரிசையில், பக்கத்து நாற்காலியில் யாரையும் உட்கார விடாமல் தன் தொப்பியை வைத்துக்கொண்டிருக்கும் டாக்டரம்மாவின் கணவர் டெஸ் டல்லிமோர் அவர்களே! ஆல்ட்மன்ஸ் க்ரீக் வட்டாரத்தின் பன்றி வளர்ப்போரே, அவர்களின் குடும்பத்தாரே, தேநீர்ப் பாத்திரத்தை விட்டு நகர மனமில்லாமல் அங்கேயே நின்று கேட்கும் பெரியோர்களே! உங்கள் அனைவருக்கும் கனத்த நெஞ்சோடு என் வணக்கம்.

நான் கிளெம் ராட்கே. வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் என்ற முறையில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் பேச்சாளன் அல்லன். ஏலத்தில் கத்தத் தெரியும், கொட்டகையில் கத்தத் தெரியும். இப்படி மேடையில் நின்று பேசத் தெரியாது. இடையில் நின்றுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் மொய்ரா டல்லிமோர்! கால்நடை மருத்துவர், நுண்ணுயிர் ஆய்வாளர், அறுபத்தெட்டு வயதிலும் என் வேலியைத் தாண்டிக் குதித்த பெண்மணி! மூன்று வாரத்துக்கு முன்னால், பீன்ஸ் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தபோது தலையில் ரத்தக்குழாய் வெடித்து, நட்ட குச்சிகளுக்கு நடுவே சாய்ந்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவில்லை. யாரிடமும் எதையும் சொல்லவில்லை. இன்று நான் பேச வந்திருப்பதே அதைப் பற்றித்தான்.

நண்பர்களே, இந்த மண்டபத்தில்தான் தொண்ணூற்றேழாம் ஆண்டு அது நடந்தது. ஞாயிற்றுக்கிழமை இறைச்சியைப் பரிசாகத் தரும் குலுக்கலுக்கு வைத்திருந்த தகரடப்பாவில் டாக்டரம்மா பன்னிரண்டு சீட்டுகளைப் போட்டார். பன்னிரண்டு பண்ணைக்காரர்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்தோம். எடுத்த எண்ணை அதோ அந்தச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் அவரிடம் மட்டும் காட்டினோம். மாதம் ஒருமுறை அவர் ஒவ்வொரு பண்ணைக்கும் வந்து பன்றிகளிடம் பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுப்பார். முடிவை வருடா வருடம் இந்த மண்டபத்துப் பலகையில் எண் போட்டு ஒட்டுவார். எந்த எண் எந்தப் பண்ணை என்று ஒரு காகிதத்திலும் எழுத மாட்டார். இதற்குக் கையெழுத்து உண்டா? இல்லை. சாட்சி உண்டா? இல்லை. கைகுலுக்கல், அவ்வளவுதான்.

அந்தக் கைகுலுக்கலை அவர் எப்படிக் காப்பாற்றினார் தெரியுமா? மூன்று வாரமாக நெரிடா ஆய்வுக்கூடத்தின் ஒவ்வொரு அலமாரியையும் கொட்டித் தேடியிருக்கிறார். டெஸ் வீட்டுப் பரண் வரைக்கும் ஏறிப் பார்த்திருக்கிறார். ஒரு துண்டுச் சீட்டு? ஒரு பெயர்? ஒரு தடயம்? எதுவும் இல்லை! ஆறாயிரத்துச் சொச்சம் குப்பிகள் ஃப்ரீசரில் உறைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு தேதி, ஒரு எண். எந்தப் பண்ணை என்று அறிந்த ஒரே தலை இன்று மண்ணுக்குள் இருக்கிறது.

போகட்டும், பழைய குப்பிகள்தானே என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைப்பவர்கள் நான்காவது வரிசையைத் திரும்பிப் பாருங்கள். நம் பள்ளி ஆசிரியை ஜோசி உட்கார்ந்திருக்கிறார். வாழ்நாளில் ஒரு பன்றியைத் தொட்டதில்லை அவர். போன குளிர்காலத்தில் சிறுநீரகத்தில் நோய் பிடித்து ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூன்று மருந்து கொடுத்தார்கள், மூன்றும் தோற்றன. நான்காவது கேட்டது, நமக்கு நம் ஜோசி திரும்பக் கிடைத்தார். அவர் உடம்பில் இருந்தது பன்றிக் கிருமி அல்ல. ஆனால் அந்தக் கிருமிக்குள் இருந்த மரபணுத் துண்டு, மூன்று மருந்தையும் முறித்த அந்தத் துண்டு, நம் ஃப்ரீசர் குப்பிகளில் இருப்பதுதான். எழுத்துக்கு எழுத்து அதேதான்!

எந்த வழியாக அங்கே போனது? ஓடைத் தண்ணீரா? வயலில் இறைத்த எருவா? தீவன லாரியா? குப்பைமேட்டுக் கடற்காக்கையா? எந்தப் பண்ணையில் எந்த வருடம் அது முதலில் தலைகாட்டியது, அடுத்து எங்கே போனது என்று வரிசையாகப் பார்த்தால் வழி தெரியும் என்று டாக்டரம்மா நம்பினார். அந்த வரைபடத்தைப் போடத்தான் உட்கார்ந்திருந்தார். வரைபடம் போட ஊர் தெரிய வேண்டாமா? இன்னொரு ஜோசி படுக்கையில் விழுவதற்கு முன்னால் நமக்குப் பன்னிரண்டு பெயர்கள் வேண்டும். நெரிடா முன்னால் அந்த மேசையில் ஒரு வெள்ளைத்தாள் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் என்னை அழவிடுங்கள்.

அவர் முதன்முதலில் என் பண்ணைக்கு வந்த நாளை மறக்க முடியுமா? பச்சை பூட்ஸ், யாரோ மிதித்தது மாதிரி ஒரு தொப்பி. என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேரே தாய்ப்பன்றிகளிடம் போய், "சீமாட்டிகளே, சௌக்கியமா?" என்றார். நான் வழிமறித்தேன்.

"டாக்டரம்மா, என் பன்னிங்களுக்கு ஒரு நோயும் இல்ல."

"அதனாலதான் வந்தேன். நோயில்லாத பன்னிதான் எனக்கு வேணும்."

"நோயில்லாததுக்கு எதுக்கு டாக்டரு?"

"அது வயித்துல சும்மா கெடக்கற கிருமிங்ககிட்ட என்னென்ன சேந்துக்கிட்டிருக்குன்னு பாக்க. சரி கிளெம், குழி தோண்டற மெஷின் வச்சிருக்கியா?"

"இருந்துச்சு. பக்கத்துப் பண்ண லிண்ட்ஸே வுத் கேட்டான், வேலிக்கு மேல தூக்கிக் குடுத்தேன்."

"அவன் ஒனக்குச் சொந்தமா?"

"இல்ல."

"திருப்பிக் குடுத்தானா?"

"எங்க குடுத்தான்!"

"அதேதான். இந்தக் கிருமிங்களும் சொந்தபந்தம் பாக்காது. மருந்த முறிக்கிற துண்டு ஒண்ணுகிட்ட இருந்தா, பக்கத்துல கெடக்கற வேற சாதிக் கிருமிக்கும் தூக்கிக் குடுத்துடும். ஒரே வித்தியாசம், நீ குடுத்தா ஒன் கை காலி. இது குடுத்தாலும் இதுகிட்டயும் ஒண்ணு இருக்கும்."

நண்பர்களே, இதைவிட எளிதாக இந்த விஷயத்தை எனக்கு யார் சொல்லியிருக்க முடியும்? பிள்ளைக்குச் சொத்து எழுதி வைப்பதைப் போலத்தான் கிருமியின் மருந்தெதிர்ப்புச் சக்தி போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். ஒரு கிருமியைக் கொன்றுவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்தவன் நான். கிருமி செத்தாலும் அந்தத் துண்டு கைமாறிக் கைமாறி வாழ்கிறது என்பதை என் கொட்டகையில் நின்றுகொண்டு, என் மூக்குக்கு நேரே பஞ்சுக்குச்சியை ஆட்டிக்கொண்டு சொல்லித் தந்தார் அந்த அம்மையார்.

அவர் சொல்லித்தான் இரண்டாயிரத்து ஒன்பதில் குட்டித் தீவனத்தில் மருந்து கலப்பதை எல்லோரும் நிறுத்தினோம். எவ்வளவு பெருமை நமக்கு! சங்கத்தின் சார்பில் பலகை எழுதிச் சாலையோரத்தில் நட்டோமே! இரண்டு வருடத்தில் பதினோரு எண்களில் அந்தத் துண்டு குறைந்துகொண்டே வந்தது. ஒன்பதாம் எண்ணில் மட்டும் ஏறியது.

அடுத்து நடந்த கூட்டம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நினைக்க வெட்கமாகவும் இருக்கும். ஒன்பது யார் என்று தெரியாவிட்டால் வட்டாரம் முழுவதையும் ஒதுக்குவோம் என்று நம் பன்றிகளை வாங்குபவர்கள் கடிதம் போட்டிருந்தார்கள். இதே மேடையில் டாக்டரம்மா தனியாக நின்றார். நாம் கீழே நின்று கத்தினோம்.

"பேரச் சொல்லுங்க டாக்டரம்மா!"

"எங்கிட்ட கிருமிக்குத்தான் பேரு இருக்கு. மனுஷனுக்கு நம்பர்தான்."

"ஒருத்தன் பண்ண தப்புக்குப் பதினோரு பேரு சாகணுமா? ஒங்களுக்குத் தெரியும்!"

"தெரிஞ்சிருந்துச்சு. வயசாவுதில்ல? மறந்துபோச்சு."

"போன வாரந்தான அங்க போனீங்க?"

"வழிய வண்டி பாத்துக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. இன்று சிரிக்கிறீர்கள், அன்று சிரிக்கவில்லை! மறுநாள் அவர் கார்க் கண்ணாடியில் சாணம் அப்பியிருந்தது. ஐந்து பண்ணைகள் வாசலைச் சாத்தின. அவரை வேலையைவிட்டு நீக்கச் சொல்லி மேலிடத்துக்கு மனு போனது. வாயைத் திறந்து ஒரு எண்ணுக்கு ஒரு பெயர் சொல்லியிருந்தால் எல்லாம் அன்றே ஓய்ந்திருக்கும். சொன்னாரா? கண்ணாடியைத் துடைத்தார், வண்டியைக் கிளப்பினார், திறந்திருந்த ஏழு வாசல்களுக்கும் போய் மாதிரி எடுத்தார். இரண்டு வருடம் கழித்து மற்ற ஐந்து வாசல்களும் திறந்தபோது, "சீமாட்டிகளே, சௌக்கியமா?" என்றுதான் உள்ளே நுழைந்தார்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் வேறொன்றும் நடந்தது. எல்லோரும் கத்தினோம், ஒருவர் கத்தவில்லை. லிண்ட்ஸே வுத், மூன்றாவது தூணருகில் கையைக் கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். பேசாமல் இருப்பவன்தான் குற்றவாளி என்று இந்த ஊர் முடிவு கட்டியது. அவர்தான் ஒன்பது என்று மதுக்கடையில் பேச்சு. அவருக்குப் பன்றி ஏற்ற டிரெய்லர் இரவல் தர ஆளில்லை. அவர் மனைவி கொண்டுவந்து வைத்த சாண்ட்விச் தட்டு இந்த மண்டபத்தில் தொடப்படாமல் திரும்பிப் போனது. இரண்டு வருடம் தாக்குப்பிடித்தார். பிறகு பண்ணையை விற்றுவிட்டுக் கடற்கரைப் பக்கம் பண்டபெர்க்குக்குப் போய்விட்டார். இன்று ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வந்து அதோ கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். யாரும் அவர் பக்கத்தில் உட்காரவில்லை என்பதை நான் இங்கிருந்தே பார்க்கிறேன்.

அன்று எல்லோரையும் விட உரக்கக் கத்தியது யார்? "ஒருத்தன் பண்ண தப்புக்கு" என்று மேசையில் அடித்தது யார்? நினைவிருக்கிறதா? நான்தான்!

ஒன்பதாம் எண்ணும் நான்தான்.

சத்தம் போடாதீர்கள். பதின்மூன்று வருடம் சொல்லாததை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டேன், மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். டெஸ், நீங்கள் தலையாட்டுகிறீர்கள். உங்களுக்கும் அவர் சொல்லியிருக்க மாட்டார், நீங்களாக ஊகித்திருப்பீர்கள்.

நான் சும்மா இருந்தால் என்மேல் சந்தேகம் வரும் என்று பயந்துதான் கத்தினேன். அதோடு, சோதனையே தப்பு என்றும் நம்பினேன். நான்தான் மருந்தை நிறுத்திவிட்டேனே! சாலையோரப் பலகையை நட்டதே நான்தானே! கூட்டம் முடிந்த அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கம்போல ஏழு மணிக்கு அவர் வந்தார். வாசலில் இருந்த மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் பூட்ஸைக் கழுவினார். என்னைத் திட்டித் தீர்க்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"தொண்ட வலிக்குதா கிளெம்?"

"கொஞ்சம்."

"வலிக்கட்டும். குட்டித் தீவன மூட்டயக் காட்டு."

காட்டினேன். மூட்டையைப் படித்தார். பக்கத்தில் இருந்த வெள்ளைத்தூள் பையையும் படித்தார்.

"மருந்த நிறுத்தின கையோட துத்தநாகத்த அள்ளிப் போட்டியா?"

"பால் மறந்த குட்டிங்க கழிச்சல்ல சாவுதே டாக்டரம்மா. இதப் போட்டா நிக்குது."

"எவ்வளவு போடற?"

"சொன்ன அளவ விட மூணு பங்கு."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. இது மருந்து இல்லியே, உலோகம்தான?"

அவர் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்து, தன் கார்ச் சாவிக்கொத்தை எடுத்து என் கையில் வைத்தார். "இந்தத் துண்டு இருக்கே, இது ஒரே ஒரு சாவி இல்ல, கொத்து. மூணு மருந்துக்கு மூணு சாவி, துத்தநாகத்துக்கு ஒரு சாவி. எல்லாம் ஒரே வளையத்துல. நீ தினமும் துத்தநாகப் பூட்டப் போட்டா, அந்தக் கொத்து வச்சிருக்கற கிருமிதான் பொழைக்கும். கொத்து பையிலயே இருக்கும்ல? மத்த மூணு சாவியும் கூடவே இருக்கும்." அப்புறம் என் முகத்தைப் பார்த்து, "நீ ஏமாத்தல கிளெம், எனக்குத் தெரியும். முட்டாத்தனம் பண்ணியிருக்க, அவ்வளவுதான்" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்காக நான் அவர் காலில் விழுந்திருப்பேன்! துத்தநாகத்தைக் குறைத்தோம். குட்டிகளைப் பால் மறக்கடிக்கும் நாளை ஒரு வாரம் தள்ளினோம், கொட்டகையைக் காயவைத்தோம், கழிச்சல் அடங்கியது. எண்ணிக்கை இறங்கியது. முழுதாகப் போகவில்லை. ஒருமுறை வந்த துண்டு அவ்வளவு எளிதில் போகாது என்றார்.

லிண்ட்ஸே பண்ணையை விற்கும் வாரம் டாக்டரம்மா என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டார்.

"லிண்ட்ஸே பண்ணைய விக்கிறான், தெரியுமா?"

"கேள்விப்பட்டேன்."

"நான் சொல்ல முடியாது. வாக்கு குடுத்துட்டேன். ஆனா நீ சொல்லலாம் கிளெம். ஒரு வார்த்த போதும்."

"மகன் இப்பத்தான் பண்ணைக்குள்ள கால் வச்சிருக்கான் டாக்டரம்மா. அடுத்த வருஷம் சொல்றேன்."

"சரி" என்றார். பூட்ஸைக் கழுவினார். போனார். அதற்குப் பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை. அடுத்த வருடமும் கேட்கவில்லை. அதற்கடுத்த வருடமும் கேட்கவில்லை. மாதாமாதம் என் பண்ணைக்கான செவ்வாயில் வந்தார், சீமாட்டிகளை நலம் விசாரித்தார், என் மனைவி சுட்டுக் கொடுத்த ஸ்கோன் ரொட்டியைத் தின்றார், என் மகனைத் திட்டினார், போனார். இந்தச் செவ்வாய் சொல்லிவிடலாம் என்று நான் எத்தனை செவ்வாய் நினைத்திருப்பேன்! அவர் இருக்கிறார், நாள் இருக்கிறது, அவசரம் என்ன என்று எத்தனை தடவை என்னை நானே ஏமாற்றியிருப்பேன்!

அவர் இறந்த பிறகு என் பண்ணைக்கான முதல் செவ்வாய் வந்தது. விடிந்ததும் எழுந்து போய் வாசல் தொட்டியில் மருந்துத் தண்ணீர் நிரப்பிவிட்டேன். நிரப்பிய பிறகுதான் நினைவு வந்தது. அப்படியே நின்றேன். எட்டு மணி வரைக்கும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வராது என்று தெரிந்த வண்டிக்காக ஒரு அறுபத்தாறு வயதுக் கிழவன் நின்றான்! எனக்கு ஒரே ஒரு செவ்வாய் வேண்டும், நண்பர்களே. ஒன்றே ஒன்று போதும். அவர் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, "சொல்லிட்டேன் டாக்டரம்மா" என்று நான் சொல்ல வேண்டும். அவர் நிமிர்ந்து பார்க்க வேண்டும். அது எனக்குக் கிடைக்கப்போவதில்லை. எவ்வளவு ஏங்கினாலும் கிடைக்கப்போவதில்லை.

லிண்ட்ஸே! உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. உன் பண்ணையையும், உன் நிலத்தையும், உன் மனைவியின் தட்டு திரும்பிப் போன அந்த மாலையையும் என்னால் திருப்பித் தர முடியாது. நீயாக வந்து என் வேலியருகே நின்று என்னை என்ன வேண்டுமானாலும் கேள். பதில் சொல்லக் கடமைப்பட்டவன் நான்.

பெரியோர்களே, இனி அந்த வெள்ளைத்தாள். டாக்டரம்மா வாக்குக் கொடுத்தது நமக்கு. அதை அவர் உடைக்க முடியாது, நாம் விடுவிக்கலாம். பன்னிரண்டு பேரில் இருவர் இறந்துவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள், தகப்பன் எண் என்னவென்று அவர்களுக்குத் தெரியும். எழுதுங்கள்! பலகையில் உங்கள் எண் மோசமாக இருந்ததே என்று கூசாதீர்கள். என்னைவிட மோசமாக யார் எண்ணும் இல்லை, அதை நான் உறுதியாகச் சொல்வேன். டாக்டர் மொய்ரா டல்லிமோரின் வரைபடத்தை நெரிடா முடிப்பார். மாதாமாதம் பஞ்சுக்குச்சி என் கொட்டகையில் நுழையும், இனிப் பலகையில் என் பெயர் போட்டே முடிவு ஒட்டப்படும். இது அவருக்கு நான் செய்யும் சத்தியம். இதில் நீங்களும் சேர்வீர்களா? அவருடைய ஆறாயிரம் குப்பிகள் ஊமையாகக் கிடக்க விடுவீர்களா?

யாரது எழுந்திருப்பது? லிண்ட்ஸே? திட்டுவதாக இருந்தால் திட்டு, நான் நிற்கிறேன். என்ன? கேட்கவில்லை, கொஞ்சம் உரக்கச் சொல்.

"நான் மூணு" என்கிறார்.

மூன்றா? லிண்ட்ஸே, அந்தப் பலகையில் பதினான்கு வருடம் ஒருமுறைகூடத் துண்டு தென்படாத எண் அல்லவா அது? வட்டாரத்திலேயே சுத்தமான பண்ணை என்று நாங்கள் யாரென்று தெரியாமலே பொறாமைப்பட்ட எண் அல்லவா? அன்று எழுந்து "நான் மூணு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன்னை யார் தொட்டிருப்பார்கள்? ஏன் சொல்லவில்லை?

பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, நான் திருப்பிச் சொல்கிறேன். "நான் சொன்னா இன்னொருத்தன் சொல்லுவான், அப்புறம் இன்னொருத்தன். கடைசியில ஒன்பது தனியா நின்னுருப்பான்" என்கிறார். "அது யாருன்னு எனக்குத் தெரியாது. ஆனா டாக்டரம்மா அவன விட்டுக் குடுக்கல, நான் எதுக்குக் குடுக்கணும்?" என்கிறார்.

பாஸ்டர், மன்னியுங்கள், இதற்குமேல் என்னால் முடியவில்லை. நெரிடா, அந்தத் தாளை முதலில் லிண்ட்ஸேயிடம் கொடுங்கள். நான் அவருக்குப் பின்னால் வந்து வரிசையில் நிற்கிறேன்.